சிவப்பு விளக்கின் முன் பதினோரு நிமிடம்

மனைவி ருக்மணியின் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, எட்டு நாட்களாகப் பொன்னுரங்கத்தின் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தன்யா தினமும் அதைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தபடி கடந்துபோனாள்.

கோவையின் அந்த அடுக்ககத்தில் எல்லோர் காதிலும் மூழ்குமானி உண்டு. மூளை அலைகளைப் படித்து, மனம் எதிலாவது ஆழ்ந்திருந்தால் வாசலில் சிவப்பு ஏற்றும், மீண்டால் பச்சை. சிவப்பு எரிந்தால் போன் ஒலிக்காது, யாரும் கதவைத் தட்டவும் மாட்டார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் பொன்னுரங்கம் ஒருமுறை தட்டினார், கையில் முருங்கைக்கீரையோடு. "செகப்பு எரியறது தெரியலீங்களா? டிஸ்டர்ப் பண்ணாதீங்க சார்" என்று தன்யா சீறினாள். அதன்பின் அவர் தட்டியதே இல்லை.

மனைவி மயங்கி விழுந்த அன்றும் தட்டவில்லை. வெறும் தலைசுற்றல்தான், தன்யாவின் காரில் மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்று ஓடி வந்தவர், சிவப்பைப் பார்த்து நின்றுவிட்டார். நடைவழிக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. பதினோரு நிமிடம். இரண்டு முறை கையை உயர்த்துகிறார்; இரண்டு முறையும் இறக்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார். மூளையில் ரத்தக்கசிவு. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

அந்த நேரம் முழுக்கத் தன்யா போனில் சீட்டாடிக்கொண்டிருந்தாள். வேலைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசம் மூழ்குமானிக்குத் தெரியாது.

துக்கத்தில் மூழ்கினாலும் அது சிவப்பைத்தான் ஏற்றும் என்பது ஒன்பதாம் நாள் காலையில் அவளுக்கு உறைத்தது. அவர் தனிமையை விரும்புகிறார் என்று நினைத்து அடுக்ககமே மரியாதையாக ஒதுங்கியிருந்தது. தன்யா சிவப்பு விளக்கின் கீழே நின்று கதவைத் தட்டினாள்.

மழிக்காத முகத்தோடு அவர் திறந்தார். "வா அம்மிணி. எட்டு நாளா ஒருத்தருமே வரலை."

"வெளக்கு செகப்பா இருக்குதுங்க சார்."

"அப்படியா? உள்ள இருக்கறவனுக்கு அது எங்க தெரியுது?"

அவள் உட்காரவில்லை. "அன்னைக்கு நான் வேலை பார்க்கலீங்க சார். சீட்டாடிட்டு இருந்தேன். நீங்க தட்டியிருந்தா..."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஜெயிச்சியா அம்மிணி?" என்று கேட்டார். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

அவள் ஜெயித்திருந்தாள்.