ரெண்டு கோடு போட்ட பட்டன்

முதலில் நின்றது மின்விசிறியின் சத்தம்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிறீச்சிடும் விசிறி அது. பக்கவாதம் வந்ததிலிருந்து அதற்குக் கீழேயே படுத்துக் கிடக்கும் கண்டக்டருக்கு அந்தச் சத்தம் தன் நாடித்துடிப்பைவிடப் பழக்கம். அது பாதிக் கிறீச்சில் அறுந்துபோனது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார். கரண்ட் போனால் விசிறி கொஞ்சம் கொஞ்சமாகத்தானே தளரும், இது என்ன வெட்டினாற்போல் நிற்கிறது என்று அடுத்து நினைத்தார். மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அவற்றின் ஓரத்தில் படிந்திருந்த கருப்புத் தூசிகூடத் தெரிந்தது.

அதற்குச் சற்று முன்புவரை வீடு சந்தைக்கடையாக இருந்தது. மகள் வெளியூரிலிருந்து ஒரு ரெக்கார்டர் பெட்டி வாங்கி அனுப்பியிருந்தாள். ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நடுவில் நிறுத்திவிட்டுப் போய், வேலையை முடித்துக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாமாம். அம்மா பாவம், ஒரு தொடரையாவது முழுசாகப் பார்க்கட்டும் என்று. அது நியாயம்தான். கண்டக்டரின் உடம்பும் பேச்சும் ஒரே நாளில் படுத்துக்கொண்டதிலிருந்து அவர் மனைவி எதையும் முழுசாகப் பார்த்ததில்லை, முழுசாகத் தூங்கியதுமில்லை. கொலைகாரன் யார் என்று தெரியவரும் நேரமாகப் பார்த்து அவருக்குத் தாகமெடுக்கும். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் அவர் சொன்னதைக் கேட்டன. அவற்றால் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் மூத்திரப் பாத்திரம். அந்த அகராதியில் வேறு வார்த்தைகள் கிடையாது.

டிஷ் மாட்ட வந்தவர் வாய் ஓயாத மனிதர். மொட்டைமாடியில் டிஷ்ஷை அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டே, "வந்துச்சா அக்கா?" என்று கத்துவார். கண்டக்டரின் மனைவி டிவியைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டி, "வந்துச்சு... வந்துச்சு... ஐயோ, போயிடுச்சு!" என்று பதிலுக்குக் கத்துவாள். "புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்குது, இருங்க" என்பார் அவர். ஒருவழியாகப் படம் வந்த பிறகு கீழே இறங்கி வந்து, இரண்டு ஒயர்களின் நுனியைப் பிளேடால் சீவி, செம்புக்கம்பி தெரிய, பெட்டியின் முதுகில் திருகினார். ஒன்று பார்ப்பதற்கு, இன்னொன்று பதிவதற்கு. பெட்டி உள்ளுக்குள் 'கிர்ர்' என்று முனக ஆரம்பித்தது. டிஸ்க் சுற்றுகிறது என்றார்.

"இந்த ரெண்டு கோடு போட்ட பட்டன் இருக்கு பாருங்க அக்கா, இதுதான் விஷயமே. அமுக்கினா அப்படியே நிக்கும்."

அமுக்கினார். நின்றது.

டிவியில் ஒரு செய்தி வாசிப்பவர் கண்ணை மூடிய நிலையில் நின்றிருந்தார். டிஷ்காரர் கட்டைவிரலை ரிமோட்டின் மேல் வைத்தபடி நின்றிருந்தார். மனைவி சமையலறை வாசலில், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கப் போகும் முகத்தோடு நின்றிருந்தாள். கண்டக்டரின் மூக்குக்கு ஒரு சாண் மேலே ஓர் ஈ, அந்தரத்தில், சிறகு விரித்தபடி, எந்த நூலிலும் தொங்காமல் நின்றிருந்தது. தெருவில் சத்தமில்லை. குழாயில் சொட்டு விழவில்லை. பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

மறுபடியும் வந்துவிட்டது, என்று நினைத்தார். முதல் தடவையும் இப்படித்தான், ஒரு டிக்கெட்டைக் கிழிக்கும்போது விரல் நின்றது. இந்தத் தடவை மூளையின் மிச்சமும் போகப்போகிறது. ஆனால் நினைவு தப்பவில்லை. தெளிவாக இருந்தது. நேரம் போனது, போய்க்கொண்டே இருந்தது. சுவரில் விழுந்திருந்த வெயில் மட்டும் நகரவில்லை. அவர் மனசுக்குள் பழைய பஸ்ஸில் ஏறி நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மார்க்கெட், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், கோர்ட்டு, பாலம். கடைசி நிறுத்தம் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

மிச்சப் பாதிக் கிறீச்சு கேட்டது. ஈ பறந்து போனது. மனைவி சிரித்தாள்.

"என்னது, நிக்கலையே?" என்றார் டிஷ்காரர், டிவியைப் பார்த்து. "அமுக்கின உடனே ஓடுது?"

"சரியா அமுக்கலையோ?"

"நல்லாத்தான் அமுக்கினேன்."

கண்டக்டர் கம்பியைத் தட்டினார். ஒரு தடவை தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் பாத்திரம், இதற்கு எத்தனை தட்டுவது என்று தெரியாமல் ஒன்று தட்டி நிறுத்திவிட்டார். மனைவி குழல் போட்ட டம்ளரோடு வந்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கியது. அவள் தோளுக்குப் பின்னால் டிஷ்காரர் மறுபடியும் ரிமோட்டை நீட்டுவதை அவர் பார்த்தார்.

நின்றது.

இந்தத் தடவை அவள் முகம் மிக அருகில் இருந்தது. கழுத்து வியர்வை வழியாமல் மின்னியது. பாதிவரை ஏறிய தண்ணீர் குழலுக்குள் நின்றது. உறிஞ்சிப் பார்த்தார். வரவில்லை. இது தன் மூளையின் கோளாறு இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்தபோது முன்னைவிட அதிகமாகப் பயந்தார். அந்தப் பட்டன் டிவியை மட்டும் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் நிறுத்துகிறது, அவரைத் தவிர. ஏன் அவரை மட்டும் விட்டுவிட்டது? அவரிடம் நிறுத்துவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று விட்டுவிட்டதோ என்னவோ. பெட்டிக்குப் பொறுமை தீரும்வரை அவர் மட்டும் விழித்துக்கொண்டு கிடக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. மார்க்கெட், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம். இந்தத் தடவை பாலத்தைத் தாண்டுவதற்குள் அழுதுவிட்டார்.

"அட, ஏன் கண்ணு கலங்குது?" என்று மனைவி முந்தானையால் துடைத்தாள். அவளைப் பொறுத்தவரை இப்போதுதான் டம்ளரை நீட்டியிருந்தாள்.

"சந்தோஷம்தான் அக்கா. புதுப் பெட்டி வந்தா எங்க வீட்டுலயும் ஒரே கூத்துதான்" என்றார் டிஷ்காரர். "ஆனா பாருங்க, இப்பவும் நிக்கல."

இன்னும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அதைப் பற்றிக் கண்டக்டர் பிறகு நினைக்க விரும்பவில்லை.

டிஷ்காரர் தலையைச் சொறிந்தார். திரையில் ஏதேதோ பட்டியல்களைத் திறந்து மூடினார். பிறகு முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டேன். எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம்னு இதுக்குள்ள ஒரு வரம்பு இருக்கு. அந்த நேரம் ஆனா தானா ஓடிடும். அதுதான் எங்கயோ குழம்பிக் கிடக்கு, அமுக்கின உடனே முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்குது. வரம்பே வேணாம்னு மாத்திட்டா சரியாப் போச்சு."

"அப்புறம் எப்படி ஓடும்?"

"நீங்களா மறுபடி அமுக்கினாத்தான் ஓடும். அதுவரைக்கும் உலகமே இடிஞ்சாலும் அசையாது."

"அப்படித்தான் தம்பி வேணும்" என்றாள் அவள். "இவரைக் கவனிச்சுட்டு வர எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

கண்டக்டர் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, கணக்கில்லாமல், நகம் வலிக்க. தொண்டையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. "ஐயோ, அவசரம்போல" என்று அவள் பாத்திரத்தை எடுக்க ஓடினாள். டிஷ்காரர் பட்டியலில் வரம்பை எடுத்துவிட்டு, பதவிசாக வாசலுக்குப் போனார். அங்கே அவருக்குப் போன் வந்தது, வேறு ஒரு வீட்டில் மழைக்கு டிஷ் சாய்ந்துவிட்டதாம். "எல்லாம் சரியாயிடுச்சு அக்கா, இனிமே கல்லு மாதிரி நிக்கும்!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பாத்திரம் காலியாகவே திரும்பிப் போனது. "என்னங்க நீங்க, சும்மா விளையாட்டா?" என்றாள் மனைவி. கோபமில்லை. அவளுக்குக் கோபப்படக்கூட நேரமில்லாமல் போய் ரொம்ப நாளாகிவிட்டது.

சாயங்காலம் தொடர் ஆரம்பித்தது. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டருக்கு டிவி தெரியவில்லை, கதை தெரியவில்லை, அவள் மடி மட்டும்தான் தெரிந்தது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவர் கூப்பிட்டால்தானே அவள் எழுந்திருப்பாள்? எழுந்தால்தானே அதை அமுக்குவாள்? கூப்பிடக் கூடாது. தொடர் முடியும்வரை அவருக்குத் தாகமில்லை, அரிப்பில்லை, எதுவுமில்லை. நாளைக்கும் இல்லை. என்றைக்கும் இல்லை.

உடனே தாகமெடுத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காதோரம் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது, குடிக்கட்டும் என்று விட்டார். முதுகுக்குக் கீழே விரிப்பு சுருண்டு, அந்தச் சுருக்கம் சூடாகி, சூடு எரிச்சலாகி, எரிச்சல் இடுப்பு முழுவதும் பரவியது. விரல்கள் தாமாகவே கம்பியை நோக்கி நகர்ந்தன. அவற்றை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். விளம்பரம் வந்தது, போனது. மனைவி ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை 'அடிப்பாவி' என்று டிவியைத் திட்டினாள். இவ்வளவு நிம்மதியாக அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம்தான். பொறுத்துவிட்டால் தொடர் முடிந்துவிடும்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன இது, இன்னிக்கு ஒரு சத்தத்தையும் காணோம்?" என்றாள். அவர் நெற்றியில் கையை வைத்தாள். "நான் பாக்கணும்னுதானே பேசாம கிடக்கீங்க? எனக்குத் தெரியாதா உங்களை." அவள் குரல் இளகிப்போனது. "வயிறு ஒட்டிக் கிடக்கு. இருங்க, சூப்பு சூடா இருக்கு."

எழுந்து போனாள், அமுக்காமலே. அவருக்கு மூச்சு வந்தது. கிண்ணத்தோடு திரும்பி வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கரண்டி ஊட்டினாள். இன்னொரு கரண்டி. சூப்பு உப்பாக, இதமாக இருந்தது. டிவியில் யாரோ வீறிட்டார்கள். அவள் சட்டென்று திரும்பினாள். முக்கியமான இடம்.

"ஐயோ, இப்பப் போய்..." என்றாள். இடது கை ரிமோட்டைத் தேடியது.

தட்டினார். பலமாகத் தட்டினார்.

"இதோ, இதோ, உங்களுக்குத்தான். அதை நிறுத்திட்டு நிதானமா ஊட்டுறேன். எங்கே, ஆ காட்டுங்க. ஆ..."

வாயைத் திறக்கச் சொல்லும்போது தானும் வாயைத் திறந்தாள். கட்டைவிரல் அழுந்தியது.

விசிறி நின்றது.

தெரு நின்றது.

பெட்டி மட்டும். கிர்ர்.

அவர் காத்திருந்தார். பழக்கத்தால் காத்திருந்தார். மார்க்கெட். தண்ணீர்த் தொட்டி. பள்ளிக்கூடம். போனார், வந்தார். போனார், வந்தார். பஸ்ஸில் ஒருவரும் ஏறவில்லை. கடைசியில் நிறுத்தங்களின் பெயர்கள் வெறும் ஓசையாகிவிட்டன. எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்று மறந்துபோனது. வெளிச்சம் அதே வெளிச்சம். சூப்பின் ஆவி கிண்ணத்துக்கு மேலே வளைந்து நின்றது, அதே வளைவில்.

அவள் இடது கை விரிப்பின் மேல் இருந்தது, ரிமோட்டோடு. அவருடைய இரண்டு விரல்களுக்குப் பக்கத்தில்தான்.

நகர்த்தினார். நகத்தின் அளவு நகர்ந்தது. ஓய்ந்தார். மறுபடியும் நகர்த்தினார். விரிப்பு கசங்கவில்லை, கருங்கல் தரைபோல் இருந்தது. எவ்வளவு காலம் ஆயிற்றோ. விரல் அவள் கையைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது, ஆனால் அழுத்தினால் தசை அமுங்கவில்லை. அவள் கட்டைவிரலின் ஓரமாகப் பட்டனின் ஒரு விளிம்பு தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்தார். அமுக்கினார்.

அமுங்கவில்லை.

அதுவும் நின்றுபோயிருந்தது.

அமுக்கினார். உடம்பில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் அந்த ஒரு விரலில் திரட்டி அமுக்கினார். நகம் மடங்கியது. ரத்தம் வந்தது. பட்டன் மலையாக இருந்தது.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறையப் பிரியம். உதடு விரிந்து, பல் தெரிந்து, உள்நாக்கு தெரிந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு கரண்டி. கரண்டியின் அடியில் ஒரு சொட்டு, விழாமல்.

அவர் தன் வாயை மூடிக்கொண்டார். அவள் வாய் திறந்தே இருந்தது.