போர்வைக்கு வெளியே ஒரு கை

ரத்தம் எடுக்கும் அறை மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், பின்பக்கம் இருந்தது. புதுக் கட்டடத்தின் பளபளப்பான தரை முடிந்து, சலவைக்கூடத்தின் நீராவி முகத்தில் அடித்து ஓய்ந்த பிறகு, சில படிகள் கீழே இறங்கினால் அந்தக் கதவு. தையல்காரன் அங்கே முதன்முதலாக வந்தது நல்ல வெயில் நேரத்தில். கூட அக்காவும் வந்திருந்தாள். இருவருக்கும் ஒரே கடைதான். அவன் வெட்டித் தைப்பான், அவள் காஜா எடுத்துப் பித்தான் வைப்பாள். இருவருமே கிளம்பிவிட்டதால் அன்றைக்குக் கடை பூட்டிக் கிடந்தது.

அவன் உடம்பில் இரும்புச்சத்து கூடிப்போயிருந்தது. சாப்பாட்டிலிருந்து உடம்பு அளவு தெரியாமல் இரும்பை இழுத்துக்கொள்கிறது. அது வெளியேற வழியில்லாமல் கல்லீரலிலும் மூட்டுகளிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறவிக் கோளாறு. ரத்தத்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டே இருப்பதுதான் வைத்தியம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதலில் வாரா வாரம், பிறகு மாதக் கணக்கில், ஆனால் ஆயுள் முழுக்க. விட்டால் கல்லீரல் சுருங்கிவிடும்.

"ஊரெல்லாம் ரத்தம் பத்தலைன்னு டானிக் குடிக்குது. உனக்கு மட்டும் வழியுதாம். எதுலயும் நீ தனி ரகம்டா," என்றாள் அக்கா.

"கூடப்பிறந்தவங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும்னு சொன்னாங்க இல்ல?"

"பண்ணலாம், பண்ணலாம். முதல்ல நீ போய்க் குத்து வாங்கிட்டு வா."

கதவைத் திறந்தவர் ஒல்லியாக, நீண்ட மூக்கோடு இருந்தார். "வாங்க. அப்பா அம்மா வெச்ச பேர் ஒண்ணு இருக்கு. ஆனா இங்கே கொசுன்னு கேட்டாத்தான் ஆளைக் காட்டுவாங்க," என்றார்.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தது உள்ளே கேட்டது.

அறையில் இரண்டு கட்டில்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருந்ததால் வெளிச்சம் கலங்கலாக வந்தது. ஸ்பிரிட் வாசனை தூக்கலாக இருந்தது. அதற்கு அடியில், ஈரத்தில் கிடந்த சாவிக்கொத்தைப் போன்ற ஒரு வாசனை.

"திரைக்கு அந்தப் பக்கம் யாரு?"

"யாரும் இல்லை. அந்தக் கட்டிலுக்குக் கால் உடைஞ்சு போச்சு."

வலது கையில் ஊசி ஏறியது. கொசு அவனுடைய இடது கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தார். போர்வையை இழுத்து மூடி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகினார்.

"எனக்குக் குளிரலையே."

"இருக்கட்டும். கை உள்ளேயே இருக்கட்டும்."

ரத்தப் பையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு சின்ன தராசில் வைத்தார். பை நிறைந்ததும் அது மணியடிக்கும். "மணி கேட்டா வந்துடுவேன். மயக்கம் வந்தா சத்தம் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

முதல் தடவை எழுந்து நின்றபோது தரை அவனை விட்டு விலகிப் போனது. அன்று மாலை இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியவில்லை. முழங்கையின் உட்புறம் மை கொட்டியதுபோல் கன்றிப்போனது. ஊரே வேர்த்துக்கொண்டிருக்க அவன் மட்டும் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு தைத்தான்.

போகப் போகச் சமாளிக்கக் கற்றுக்கொண்டான். போவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டான், தண்ணீரும் குடித்தான். ஊசி எடுத்த பிறகு கொஞ்ச நேரம் படுத்தே இருந்தான். எழும்போது முதலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, அப்புறம்தான் நின்றான். அன்றைக்குக் கனமான எதையும் தொடவில்லை. இதெல்லாம் செய்தும் பை பாதி நிறையும்போது காது அடைப்பது மட்டும் நிற்கவில்லை.

மின்சாரம் போன ஒரு மத்தியானம் அந்தத் தப்பைச் செய்தான்.

விசிறி நின்றுவிட்டது. போர்வைக்குள் கை வேர்த்து ஒட்டியது. கொசு அப்போதுதான் மேலே போயிருந்தார். தையல்காரன் இடது கையை வெளியே உருவி, கட்டிலின் ஓரத்தில், திரைப் பக்கமாகத் தொங்கவிட்டான். சுகமாக இருந்தது.

பிறகு காது அடைத்தது. ஜன்னலின் வெள்ளை, ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

விரல்களுக்கு நடுவே விரல்கள் வந்து பொருந்தின. குளிர்ந்த கை. காய்ந்த கை. பிடித்ததும் மயக்கம் அப்படியே நின்றது. ஓடும் தையல் மெஷினின் சக்கரத்தை உள்ளங்கையால் நிறுத்துவதுபோல். அறை மறுபடி வெளுத்தது. மூச்சு சீரானது. கொசு மனுஷன் கிண்டல் பேசினாலும் நல்லவர்தான் என்று நினைத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

"விட்டுடாதீங்க," என்றான்.

அந்தக் கை ஒரு முறை அழுத்தியது.

மணி அடித்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" கொசுவின் குரல் மேலே படியிலிருந்து கேட்டது. செருப்புச் சத்தம் இறங்கியது. கதவு திறந்தது.

கை இன்னும் பிடித்திருந்தது.

கொசு வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டிலுக்கு வெளியே தொங்கும் கையைத்தான் பார்த்தார். திரையைப் பார்க்கவில்லை.

"ஏன் வெளியே எடுத்தீங்க?" ரகசியம் பேசுவதுபோல் கேட்டார்.

"புழுக்கமா இருந்தது..."

"ஏதாவது பேசினீங்களா?"

"விட்டுடாதீங்கன்னு சொன்னேன். நீங்கன்னு நெனச்சு."

கொசு பஞ்சை வைத்து ஊசியை எடுத்தார். "எனக்கு முன்னாடி இங்கே இருந்தவர் கையை மூடி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். ஏன்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தேன். சொல்லாமலே ரிட்டயர் ஆயிட்டார்."

தையல்காரன் எழுந்து திரையை விலக்கினான். கால் உடைந்த கட்டில். அதன் மேல் சுருட்டிய மெத்தை. அதற்குப் பின்னால் சுவர்.

அவன் வீட்டுக்குப் போனான். கையும் கூடவே வந்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் இடது கை விரல்களை ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. நடுவே ஏதோ இருந்தது. நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒருவேளை ஊசிப் பயத்தில் வந்த மனப்பிரமையாகவும் இருக்கலாம். வெந்நீரில் முக்கிப் பார்த்தான். எண்ணெய் தடவிப் பார்த்தான். ஒரு நாள் கடையில் கருகும் வாடை வந்தது. துணிதான் தீய்கிறது என்று பதறிக் குனிந்தான். இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தில் இருந்தது அவனுடைய இடது கைச் சுண்டுவிரல். அவனுக்கு வலிக்கவே இல்லை.

விநோதம் என்னவென்றால், அதற்குப் பிறகு மயக்கமே வரவில்லை. கொசு எவ்வளவு எடுத்தாலும் கல்லுப்போல எழுந்து நடந்தான்.

"இரும்பு நல்லாக் குறையுது. நான் எதிர்பார்த்ததைவிட வேகமாவே குறையுது," என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். அடுத்த தடவை அந்தச் சந்தோஷம் இல்லை. "ரொம்பக் குறைஞ்சிருக்கு. இனிமே எடுக்க வேண்டாம், கொஞ்ச நாள் உடம்பு தேறட்டும்."

எடுப்பதை நிறுத்தினார்கள். குறைவது நிற்கவில்லை.

"எங்கேயாவது ரத்தம் போகுதா உங்களுக்கு?" குடலைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள். எங்கேயும் கசிவு இல்லை. கண்ணாடியில் அவன் முகம் காடாத்துணி நிறத்துக்கு வந்திருந்தது. ஆனால் விரல்களுக்கு நடுவே இருந்த அந்தக் குளிர்ந்த கை இப்போது குளிர்ந்ததாக இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெதுவெதுப்பானது. அதில் நாடி துடிக்கத் தொடங்கியிருந்தது.

அது அவனுடைய நாடி அல்ல. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டான்.

ஒரு நாள் கொசுவிடம் கெஞ்சி அதே கட்டிலில் போய்ப் படுத்தான். கையைத் திரைப் பக்கம் தொங்கவிட்டு, "விட்டுடு," என்றான். "தெரியாம சொல்லிட்டேன். விட்டுடு."

பிடி இறுகியது. எலும்பு நெரிந்தது.

வீட்டில் சொல்லிப் பார்த்தான்.

"ரத்தம் குறைஞ்சா மூளைக்குப் போறதும் குறையுமாம்," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று இரவு அவன் தட்டில் சாதத்தை அவளே பிசைந்து வைத்தாள். மறுநாள், அவன் பிடுங்கல் தாங்காமல், டெஸ்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளுக்கும் அதே கோளாறுதான். அவனைவிட அதிகம். கல்லீரல் இப்போதே வீங்கியிருந்தது.

"தள்ளிப் போடாதீங்க. இந்த வாரமே ஆரம்பிச்சிடணும்," என்றார் டாக்டரம்மா. வேறு மருத்துவமனை கேட்டான். ஒரு நாள் பிரயாணத்தில் ஒன்று இருந்தது. அங்கே இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாள் அக்காவின் கல்லீரல் காத்திருக்காது.

அக்காவுக்கு ரத்தம் எடுக்க வேண்டிய நாள் காலையில் தையல்காரன் கண்விழித்தபோது இடது கை லேசாக இருந்தது.

விரல்களைச் சேர்த்தான். சேர்ந்தன. தலையணையின் சொரசொரப்பு தெரிந்தது. சுண்டுவிரலில் தீப்புண் பட்ட இடம் சுரீரென்று எரிந்தது. கை அவனுக்கே திரும்பக் கிடைத்துவிட்டது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். அவன் படுக்கையை விட்டு எழுந்து அக்காவைத் தேடி ஓடினான்.

பக்கத்து அறையில் அக்கா புடவை மடித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் உள்ளே வந்து உன் கூடவே இருப்பேன். கொசு திட்டினாலும் சரி. யாராவது கையைப் பிடிச்சா, பிடிச்சுக்கோன்னு மட்டும் சொல்லிடாதே."

"உன்னைத் தவிர எவன்டா என் கையைப் பிடிக்க வரப்போறான்? வண்டியை எடு."

கொசு திட்டவில்லை. அவனுக்கு ஒரு முக்காலியைப் போட்டுக் கொடுத்தார். அக்காவின் இடது கையை வயிற்றின் மேல் வைத்து, போர்வையை மூடி, நாலு பக்கமும் செருகினார். அன்றைக்கு அவர் படியேறிப் போகவுமில்லை, சுவரோரமாக நின்றுகொண்டார். தையல்காரன் போர்வைக்குள் கையை விட்டு அவள் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான்.

குழாயில் சிவப்பு இறங்கியது.

விசிறி ஓடியது.

திரை அசைந்தது, விசிறிக் காற்றுதான்.

அக்காவின் உதடு வெளுத்தது. "டேய், காது அடைக்குதுடா," என்றாள்.

"பேசாதே. ஒண்ணும் சொல்லாதே. நான்தான் பிடிச்சிருக்கேன். நான்தான்."

மணி அடித்தது. கொசு பாய்ந்து வந்து ஊசியை எடுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா படுத்திருந்தாள், உட்கார்ந்தாள், காலைத் தொங்கப் போட்டாள், நின்றாள். அவன் அதுவரை கையை விடவில்லை. அறைக் கதவைத் தாண்டி, சலவைக்கூடத்தைத் தாண்டி, வெயிலில் வண்டி நிற்கும் இடம் வந்த பிறகுதான் விட்டான். அவன் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"உன் கை இப்படி நடுங்குது. ரத்தம் கொடுத்தது நீயா நானா?" என்றாள் அவள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். எத்தனையோ நாள் கழித்து.

பெரிய சாலையில் நெரிசல். இரண்டு பக்கமும் பஸ்கள் உரசிக்கொண்டு வந்தன. நிறுத்தவோ ஒதுங்கவோ இடம் இல்லை. அக்கா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். தலையை அவன் முதுகில் சாய்த்திருந்தாள்.

"டேய்."

"என்னக்கா?"

"அதான் முடிஞ்சுபோச்சே. இன்னும் ஏன்டா கையைப் பிடிச்சிட்டே வர்றே?"

அவன் கீழே பார்த்தான்.

ஹேண்டில்பாரில் அவனுடைய வலது கை இருந்தது. இடது கையும் இருந்தது.

"அக்கா..." என்றான். பஸ்ஸின் ஹாரனில் அது அவனுக்கே கேட்கவில்லை. "அக்கா, எதுவும் சொல்..."

"சரி, சரி. பிடிச்சுக்கோ," என்றாள் அவள் தூக்கக் கலக்கத்தில். "வெதுவெதுன்னு நல்லாத்தான் இருக்கு."