ஓரங்குலச் சந்து

அடுப்பில் விறகு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருக்க, அதன் பின்னால் நின்ற தகரம் மட்டும் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. தையல்காரி தற்செயலாகத்தான் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது, இழுத்ததும் தோல் உரிந்துவிட்டது.

மரச்சுவர் தீப்பற்றாமலிருக்க அவள் புருஷன் போன வாரம்தான் அந்தத் தகரத்தை அடித்திருந்தான். சுவருக்கும் அதற்கும் நடுவே ஓரங்குலம் சந்து. கீழே நுழையும் காற்று சூட்டை வாரிக்கொண்டு மேலே வந்துவிடும். "சுவருக்குச் சட்டை தைச்சுட்டேன், உனக்குப் போட்டியா" என்று அன்று சிரித்தான்.

இன்று சிரிக்கவில்லை. மூன்று நாளாகக் கொட்டிய பனி வாசற்கதவை மூடிவிட்டது; ஜன்னல்களில் பகல் சாம்பலாகத் தேங்கி நின்றது. வீட்டுக்குச் சூடென்று இருந்தது அந்த ஒரே அடுப்புதான். அந்தச் சூட்டையும், புகைநெடியையும், உருகும் பிசினின் வாசத்தையும் தகரத்தின் மேல்விளிம்பு மெல்ல, சீராக, தூங்குகிறவன் மூச்சிழுப்பதுபோல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, காத்து வெளிய வரணும்னுதானே சொன்னீங்க? இது உள்ள போகுதே."

"எலி கிலி கூடு கட்டியிருக்கும். நகரு."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பக்கவாட்டில் விரலை நுழைத்தான். மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று.

"சுவரு தட்டுப்படலியே" என்றான்.

ஓரங்குலச் சந்து. அதற்குள் அவன் கை தோள்வரை போயிருந்தது.

"போதும், எடுத்துடுங்க."

"எடுக்க வரல." அவன் முகம் வெளுத்தது. "யாரோ விரலைக் கோத்துப் புடிச்சிருக்காங்க."

இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். அடுப்பின் காலில் பாதத்தை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்தாள். துணி கிழிந்தது. மல்லாக்க விழுந்தாள். கையில் சட்டை மட்டும்.

கத்தல் இல்லை. சத்தமே இல்லை.

கதவுக்கு ஓடினாள். இடித்தாள். தோள் மரத்தது. பனி அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் தீ தாழ்ந்தது. அணைந்தது.

"பயப்படாதம்மா." அவன் குரல்தான். தகரத்துக்குப் பின்னாலிருந்து. "இங்க கதகதப்பா இருக்கு. கையக் குடு."

திரும்பினாள்.

தகரத்தின் விளிம்பில் விரல்கள் வந்து பற்றின. ஐந்து. பத்து.

பதினொன்று.

பன்னிரண்டு.