நாலாவது மாடிக்கு ஒரு பூனை

"அத வாங்காதீங்க..."

பின்னாலிருந்து குரல் வந்ததும் நல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். மழைக்கு ஒதுங்கியவன் போலும். தலையிலிருந்து நீர் சொட்ட, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி நின்றிருந்தான். இமைகளில் இன்னும் இரண்டு மழைத்துளிகள்... அவை எப்போது விழும் என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். பிறகுதான் கோபம் வந்தது.

"எத வாங்கக்கூடாது?"

"அந்தச் சயாம் பூனைய. பிளாட்டுல இருக்கிறவங்களுக்கு அது சரிப்படாதுங்க."

"நான் பிளாட்டுல இருக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"இப்பத்தானே கடைக்காரத் தவுக்கேகிட்ட நீங்களே சொன்னீங்க... நாலாவது மாடின்னு."

ஒட்டுக் கேட்டிருக்கிறான்!

ஈப்போ பாசார் சந்தைக்குப் பக்கத்தில் கிளியும் மீனும் பூனையும் விற்கும் சின்னக் கடை அது. எண்பத்திரண்டாம் வருடத்து மழைக்காலம். ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை நல்லம்மாள் பூனைக்காகக் கடை ஏறியதே இல்லை. சுங்கை சிப்புட் பக்கத்து லயத்து வீட்டில் பூனைகள் தாமாகவே வரும், போகும். அப்பா இறந்து, தோட்டமும் கைமாறிய பிறகு அம்மாவும் மகளும் ஈப்போவில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்தார்கள். நாலாவது மாடிக்கு எந்தப் பூனையும் ஏறி வரவில்லை. கீழே இருந்த மளிகைக்கடை எலிகள் மட்டும் தவறாமல் ஏறி வந்தன. 'ஏதாச்சும் ஒரு பூனையப் புடிச்சிட்டு வா' என்று அம்மா முத்தம்மா அனுப்பியிருந்தாள்.

ஆனால் 'ஏதாச்சும் ஒரு பூனை'யா அது? கூண்டுக்குள்ளிருந்து இரண்டு நீலக் கண்கள்... மழை விட்டபின் குனோங் ராபாட் மலைக்கு மேலே தெரியுமே, அந்த வானத்தைக் கிள்ளி வைத்த மாதிரி!

"அந்த வெள்ளைப் பெர்சியனப் பாருங்க" என்றான் அவன். "வச்ச எடத்துல தலகாணி மாதிரி கெடக்கும். சத்தமே வராது."

"முடி? எங்க சோத்துல விழுந்தா நீங்க வந்து பொறுக்குவீங்களா? நம்ம ஊரு வெயில்ல அதுக்கு யாரு விசிறி விடுறது?"

"அலமா... சரி, அதோ அந்தச் சாம்பல் நெறக் கம்பத்துப் பூனை, கிராமத்துல வளந்தது. வால் நுனி மடங்கினது. எங்க விட்டாலும் பொழச்சிக்கும்."

"அதுவே எலி மாதிரித்தான் இருக்கு."

"சயாம் பூனை ஓயாமப் பேசும்ங்க. தனியா விட்டா அழும். பாகான் டத்தோவுல எங்கம்மா சமைச்ச மேனேஜர் பங்களாவுல ஒண்ணு இருந்துச்சு. சத்தம் வாசக் கேட்டு வரைக்கும் கேக்கும்லா!"

"பேசட்டுமே. எனக்குப் பேசுறவங்களத்தான் புடிக்கும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கண்கள் சிரித்தன. இமையில் இருந்த துளிகளும் விழுந்துவிட்டன.

"பூனையச் சொன்னேன்!" என்றாள் அவசரமாக.

அந்த வீம்பிலேயே சயாம் பூனையை வாங்கினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்... பார்த்தாள். அவன் இன்னும் கடைவாசலில்தான் நின்றிருந்தான்.

நீலா என்று பெயர் வைத்தாள். நீலாவைக் கண்டு எலிகள் ஓடினவோ இல்லையோ, அதன் குரல் மட்டும் வீட்டை நிறைத்தது. சோறு வைத்தால் பேச்சு, வைக்காவிட்டால் பேச்சு. முத்தம்மா சலவைக்கடைக்கும் நல்லம்மாள் துணிக்கடைக்கும் கிளம்பினால் கதவருகே உட்கார்ந்து ஒரே அழுகை.

அந்த வாரம் கடை விடுமுறை நாளில், யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அக்கா, மன்னிச்சிக்குங்க. நான் கீழ் வீடு. பகல் பூரா உங்க வீட்டுல ஒரு சின்னப் புள்ள..."

வாக்கியம் அப்படியே நின்றது. கலைந்த தலை, தூக்கமில்லாமல் சிவந்த கண்கள்... ஆனால் அதே கண்கள்.

"நீங்களா?"

"நீங்களா!"

அவள் காலடியிலிருந்து நீலா தலையை நீட்டி, நீளமாக ஒரு குரல் கொடுத்தது.

"ஓ... இதுதான் அந்தப் புள்ளயா?" அவன் நெற்றியைத் தடவிக்கொண்டான். "ரொட்டித் தொழிற்சாலையில எனக்கு ராத்திரி வேல. பகல்லதான் தூங்குவேன். யாரோ கொழந்தைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சு... மனசு கேக்கல."

நல்லம்மாளுக்கு முகம் சுட்டது. இப்போது சொல்வான், 'அன்னிக்கே சொன்னேன்ல' என்று. சொல்லட்டும், பதிலுக்கு நாமும்... என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. குனிந்து பூனையின் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"நாளைக்கே திருப்பிக் குடுத்திடுறேன்" என்றாள்.

"ஐயோ, வேணாங்க. இதுக்குத் தனியா இருக்கிறதுதான் ஆகல. நீங்க வேலைக்குப் போறப்ப எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. பக்கத்துல ஆள் இருந்தா அதுவும் தூங்கும்... நானும் தூங்குவேன்."

அவன் பெயர் யேசுதாசன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் கூடை கீழே இறங்கும். மாலையில் மேலே ஏறும். மூன்றாம் மாடி வாசலில் கூடை கைமாறும் அந்தச் சிறுபொழுதில் எத்தனை பேச்சு!

"இன்னிக்கு உங்க மக ரொம்பப் பேசிட்டா" என்பான்.

"என்ன சொன்னா?"

"அவங்கம்மாவுக்கு வீம்பு அதிகமாம்."

"அம்மாவா! நான் அக்கா!"

துணிக்கடையில் எல்லாரும் அவளை நல்லா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய காலத்துப் பெயர் என்று அவளுக்கே கூச்சம். அவன் மட்டும் "நல்லம்மாள்..." என்று முழுதாகச் சொன்னான். அவன் வாயில் அந்தப் பெயர் புதுசாக இருந்தது.

மாடிப்படியில் நடப்பது மாடிப்படியோடு நிற்குமா? ஒரு நாள் முத்தம்மா சோறு போட்டபடியே கேட்டாள்.

"கீழ பூனையக் கொண்டு போறியா, இல்ல உன்னையே கொண்டு போறியா?"

நல்லம்மாள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"படிக்கட்டு பூரா உம் பேச்சுத்தான். தனியா இருக்கிற பையன், அதுவும் வேதக்காரப் பையன். நாளைக்கு அவன் வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிடுவான். பேரு கெட்டுப்போயி நிக்கிறது நீதான்."

மறுநாள் நல்லம்மாளுக்குக் கடையில் கணக்கெடுப்பு. சலவைக்கடைக்கு அன்று முத்தம்மா போகவில்லை. "பூனைய நான் பாத்துக்குறேன்" என்று மகளை அனுப்பிவிட்டாள். மாலையில் வீடு திரும்பியபோது, வாசலில் பேச்சுச் சத்தமே இல்லை. உள்ளே, கடையில் பார்த்த அந்தச் சாம்பல் நிறப் பூனை மடங்கிய வாலைச் சுருட்டிக்கொண்டு கருவாடு தின்றுகொண்டிருந்தது.

"நீலா எங்கம்மா?"

"தவுக்கேகிட்ட குடுத்து மாத்திட்டேன். இதுதான் நம்ம வீட்டுக்கு ஏத்தது. சத்தம் போடல, தனியா இருக்குது, வந்த ஒடனே ஒரு எலியப் புடிச்சிருச்சு. யார் வீட்டுக்கும் தூக்கிக்கிட்டுப் போகவும் வேணாம்."

ஒரு குறையும் சொல்ல முடியாத பூனை. அதுதான் நல்லம்மாளுக்கு அழுகையாக வந்தது.

காலையில் படி இறங்கினாள். மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தது. அவன் நின்றிருந்தான், அவள் கையைப் பார்த்தான். வெறுங்கை. நில் என்று மனம் சொன்னது... கால் நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு விடுவிடுவென்று இறங்கிவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அந்தக் கதவு சாத்தியிருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மழை தூறிக்கொண்டிருந்தது. எப்படியாவது நீலாவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று கடைக்கு ஓடினாள். கூண்டு காலி. அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன்... முகம் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

"வித்துப் போச்சாம்" என்றான் யேசுதாசன், திரும்பி. "பெரிய பங்களா வீடு. மூணு பிள்ளைங்களாம். எப்பவும் வீட்டுல ஆள் இருக்குமாம். இனிமே அழாது."

"நல்லது..." என்றாள். கண் கலங்கியது. "உங்களுக்கும் இனிமே நல்லாத் தூக்கம் வரும்."

"எங்க வருது? வீடு அவ்வளவு அமைதியா இருக்கு. கண்ணே மூடல."

இருவரும் கடைவாசலில் வந்து நின்றார்கள். கூரை விளிம்பிலிருந்து நீர் ஒழுகியது.

"கோவமா?" என்று கேட்டான். "பேசாமப் போனீங்களே..."

"வெறுங்கையோட எப்படி நிக்கிறது? எதுக்கு வந்தேன்னு நீங்க கேட்டா?"

"நான் கேட்டிருக்க மாட்டேன்லா..."

"அப்ப நீங்க மேல வந்திருக்கலாமே!"

"நானும் ரெண்டு தடவ படி ஏறினேன். எத வச்சுக் கதவத் தட்டுறதுன்னு தெரியல. எறங்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவன் சிரிக்கவில்லை.

"நல்லம்மாள்... பூனை இல்லாம ஒரு தடவ வரட்டுமா? உங்கம்மா இருக்கிறப்ப?"

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தாள்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேராக வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. முத்தம்மா கதவைத் திறந்தாள்.

"அந்தப் பூனை இல்லையே, தம்பி."

"பூனைக்கு வரலம்மா. நல்லம்மாளக் கேக்க வந்திருக்கேன். பாகான் டத்தோவுக்குப் போயி எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். நீங்க சரின்னா அவங்க வருவாங்க."

முத்தம்மா கதவைப் பிடித்தபடியே சொன்னாள்.

"அவ செவ்வாக்கெழமையானா மாரியம்மனுக்கு வெளக்கு ஏத்துறவ."

"ஏத்தட்டும்மா. மோட்டார் சைக்கிள்ல நானே கொண்டுபோயி விடுறேன். சர்ச்சுக்கு வான்னு ஒரு நாளும் இழுக்க மாட்டேன்."

முத்தம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படிக்கட்டுல மட்டும் பேசிட்டுப் போறவனா இருந்தா இந்நேரம் தொடப்பத்த எடுத்திருப்பேன்" என்றாள். கடுமையாகச் சொல்லத்தான் பார்த்தாள்... முடியவில்லை. உள்பக்கம் திரும்பினாள். "ஏண்டி, கதவுக்குப் பின்னாடி நின்னது போதும். வந்து நீயே சொல்லு."

நல்லம்மாள் வந்தாள். தரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன்" என்றாள் மெதுவாக. "நீலா அழுவுதுன்னுதான் தெனமும் கீழ கொண்டு வந்தேன்னு நெனச்சீங்கல்ல... அது முதல் ரெண்டு நாளைக்குத்தான். சாயங்காலம் அதத் தூக்கிக்கிட்டு வந்து மடியில வச்சிக்குவேன். அது முடியில ரொட்டி வாசம் வரும். அந்த வாசத்துக்காகத்தான் மறுபடி மறுபடி கொண்டு வந்து விட்டேன். எனக்கு உங்களத்தான்..."

அவன் கண்கள் நிறைந்தன.

"போதும்டி" என்றாள் முத்தம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மிச்சத்தக் கல்யாணத்துக்கப்புறம் சொல்லிக்க. தம்பி, ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வந்து உக்காருங்க."