கடைசியில் வருபவன்

அன்று காலை ஆரணியிலிருந்து எத்தனை சைக்கிள் கிளம்பியது என்று கேட்டால் நாலு என்றுதான் ஆல்பின் சொல்வான். லாட்ஜ் வாசலில் எண்ணியது அவனுக்கு நினைவிருக்கிறது. முன்னால் சரவணன், அடுத்து அவன் மனைவி ரீனா, அப்புறம் கலைமகள், கடைசியில் தான். ஆனால் அந்த நினைவு இந்த வருடத்துக் காலையுடையதா, போன வருடத்துடையதா என்பதில்தான் அவனுக்கு உறுதியில்லை. இரண்டு காலையும் ஒரே பனி. இரண்டு காலையும் அதே வரிசை. போன வருடம் கலைமகள் இருந்த இடத்தில் அவளுடைய அண்ணன் தென்னரசு இருந்தான், அவ்வளவுதான்.

நெசவாளர் தெருவுக்குள் திரும்பியதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தெருவின் நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். இடுப்புயரத்தில், அரக்குச் சிவப்பில், ஆயிரக்கணக்கான இழைகள் அசையாமல் நீண்டு பனிக்குள் போய் மறைந்தன. கஞ்சித் தண்ணீரின் புளித்த வாசனை. கரண்டுக் கம்பம் நின்ற இடத்தில் வழி மிகக் குறுகலாக இருந்ததால், ஒரு பெண் பாவின் ஓரத்தை முழங்கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஜல்தியா போங்க. ஹேண்டில் மாட்டி ஒரு இழை அறுந்துச்சுன்னா எங்க வூட்டுக்காரரு என்னியும் சேத்து தறியில ஏத்திடுவாரு."

ரீனா சிரித்தாள். நான்கு பேரும் கடந்தார்கள். அந்தப் பெண் கையை எடுக்கவில்லை.

"அவ்ளோதாங்க. நான்தான் கடைசி" என்றான் ஆல்பின்.

"இன்னா கடைசி? பின்னாடி ஒருத்தரு தள்ளிகினு வராரு பாருங்க. பாவம், தொப்பலா நனைஞ்சுகினு. அவரும் போவட்டும்."

அவன் திரும்பிப் பார்த்தான். ஈரத் தெரு. பாவு. பனி. அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். அவள் கண்கள் மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்தன. ஆல்பின் நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றன. பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"ஆச்சு. போங்க."

அவர்களுடைய குழுவில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. வேலூரில் ஹாஸ்டல் நண்பர்களாக இருந்த காலத்தில் சரவணன் போட்டது. பம்பும் பஞ்சர் பெட்டியும் கடைசி ஆளிடம் இருக்கும். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. முன்னால் போகிறவன் சிறுநீர் கழிக்க நின்றாலும் நிற்க வேண்டும். மூன்று நாள் பயணத்தில் எவனும் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட முடியாது. கடைசி ஆள் வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஊரைத் தாண்டி வயல்கள் தொடங்கின. எதிரில் கலைமகளின் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் ஓட்டியது அண்ணனுடைய சைக்கிளை. முந்தின நாள் சாயங்காலம் ஓட்டலில், தோசையைப் பிய்த்தபடி நிமிராமலே கேட்டிருந்தாள்.

"அண்ணா, முட்டி வலிக்குது, பஸ்ல போயிடறேன்னு எங்கண்ணன் உங்ககிட்ட சொல்லுச்சே, அது எந்த எடம்? நாளைக்கு அங்க நிறுத்திக் காட்டறீங்களா? அது கடைசியா நின்ன எடத்துல கொஞ்சம் பூ வெக்கணும்."

"காட்டறம்மா" என்றான் ஆல்பின்.

பெரணமல்லூர் வருவதற்குள் ஒரு இடத்தைக் காட்டியாக வேண்டும். அப்படி ஒரு இடம் கிடையாது.

போன வருடம், இதே ரோட்டில், தென்னரசுவின் செயின் மூன்றாவது முறையாகக் கழன்றது. "ஒரு நிமிஷம்டா" என்று குனிந்தான். இரண்டு நாளாக அதே முதுகு, அதே "ஒரு நிமிஷம்". கை விறைக்கிற குளிர். முன்னால் போனவர்கள் இந்நேரம் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள் என்ற எரிச்சல். "பேஜார் புடிச்சவன்டா நீ, மெதுவா வா" என்று சொல்லிவிட்டு ஆல்பின் அவனைத் தாண்டிப் போனான். பெரணமல்லூரில் சரவணன் கேட்டபோது, முந்தியதற்குத் திட்டுவானே என்று, வாயில் வந்ததைச் சொன்னான். முட்டி வலியாம், பஸ் ஏறிட்டான். பத்து நிமிடத்தில் தென்னரசு வந்து நிற்பான், எல்லோருமாகச் சிரித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். பத்து நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. ஒருவேளை நிஜமாகவே பஸ் ஏறியிருப்பானோ என்று ஆல்பினே நம்பத் தொடங்கினான். அவர்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் மத்தியானம் புல் அறுக்க வந்தவர்கள் பார்த்தார்கள். வளைவில், ரோட்டை ஒட்டி, கைப்பிடிச் சுவரில்லாத வயல்கிணறு. பனியில் தடம் தெரியாமல் உள்ளே போயிருக்கிறான். பஸ் கிடைக்காமல் மறுபடி சைக்கிளில் ஏறியிருப்பான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். கிணற்றின் உட்சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குப் பாசி வழிக்கப்பட்டிருந்தது. விழுந்த அன்று இருட்டின பிறகும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். தேடியிருந்தால், என்று யாரும் சொல்லவில்லை. பஸ் ஏறியவனை ரோட்டில் எதற்குத் தேட வேண்டும்?

அந்த நினைப்பிலிருந்து வெளியே வந்தபோதுதான் ஆல்பின் அந்தச் சத்தத்தைக் கேட்டான். கால் மிதிக்காமல் உருள விடும்போது பின்சக்கரத்திலிருந்து வருமே, அந்த டிக்டிக் சத்தம். முதலில் தன்னுடையது என்று நினைத்தான். தான் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது சற்று தாமதமாக உறைத்தது. நெல்வயல்களின் ஈர வாடையும், எங்கோ ரைஸ் மில்லில் அவிக்கிற நெல்லின் வாடையும் கலந்து வந்துகொண்டிருந்த காற்றில், இப்போது வேறொன்று சேர்ந்திருந்தது. வெகுநாள் வெயில் படாத தண்ணீரின், நசுங்கிய பாசியின் வாடை. அது காற்றடித்த திசையிலிருந்து வரவில்லை. அவன் பிடரியிலிருந்து வந்தது.

வேகத்தைக் குறைத்தான். பின்னால் டிக்டிக்கும் குறைந்தது.

கூட்டினான். கூடியது.

கலைமகளைக் கூப்பிடலாம். என்னவென்று கூப்பிடுவது? உங்கண்ணன் பின்னால் வருகிறான் என்றா? அவன் எந்த பஸ்ஸைப் பற்றியும் சொல்லவில்லை, குனிந்திருந்தவனைத் தாண்டி வந்தேன் என்றா? வார்த்தை தொண்டை வரை வந்தது. ஒரு வருடமாக அது அங்கேதான் வந்து நிற்கிறது.

பனி அடர்ந்தது. வளைவு அருகில் வந்துவிட்டது என்று அவன் கால்களுக்குத் தெரிந்தது.

பின்னால் செயின் கழன்றது.

கணீரென்று கேட்டது. பெடல் சும்மா சுற்றும் சத்தம். செருப்பு தரையில் உரசும் சத்தம். தண்ணீர் சொட்டுவது. சொட், சொட். ஒருவர் குனிகிறார். மூச்சு வாங்குகிறார்.

காத்திருக்கிறார்.

நிற்க வேண்டும். சட்டம் அதுதான். நின்றால் போதும்.

ஆல்பின் நிற்கவில்லை. எழுந்து நின்று மிதித்தான். பல்லைக் கடித்து. கண்ணை மூடி. எதிரில் ஒரு முதுகு வந்தது. பக்கத்தில் வந்தது. "அண்ணா?" என்றது. தாண்டினான். மிதித்தான். டிக்டிக் இல்லை. வாடை இல்லை. மிதித்தான்.

பெரணமல்லூர் பஸ் ஸ்டாப்பில் சரவணன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி வர்ற? கலை எங்க?"

ஆல்பினுக்கு மூச்சு இரைத்தது. "பின்னாடி வருது."

சரவணன் ரோட்டைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். பிஸ்கட்டை மென்ற வாய் நின்றது. ரீனாதான் கேட்டாள், மிக மெதுவாக.

"நீ தான கடைசி ஆளு?"

ஒரு பஸ் வந்து நின்றது, ஆள் ஏற்றியது, போனது. ரீனா இன்னும் ஆல்பினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வருசமும் இப்பிடித்தான் வந்தியா?" என்றாள். அவன் ஆமாம் என்று தலையசைத்தான். அவள் அதற்கு மேல் நிற்காமல் சைக்கிளைத் திருப்பினாள்.

வளைவுக்குத் திரும்பியபோது பனி பாதி விலகி வெயில் வந்திருந்தது. தென்னரசுவின் சைக்கிள் புல்லில் படுத்திருந்தது. கலைமகள் கிணற்று விளிம்பில், கால்களை உள்ளே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரித் தலையைச் சாய்த்திருந்தாள். கீழே தண்ணீரில் ஒரு வட்டம் கிளம்பி, விரிந்து, சுவரைத் தொட்டு அடங்கியது. "உம்" என்றாள். காற்றில்லை. எதுவும் விழவில்லை. இன்னொரு வட்டம் கிளம்பியது.

"உம். அப்புறம்?"

"கலை" என்றான் சரவணன். அவன் குரல் உடைந்திருந்தது.

அவள் திரும்பினாள். சரவணனை விட்டு, ரீனாவை விட்டு, ஆல்பினைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"கொஞ்சம் இருங்கண்ணா. நீங்க தாண்டிப் போனது வரைக்கும்தான் சொல்லியிருக்குது. இன்னும் நெறைய இருக்குதாம்."

சரவணனும் ரீனாவும் அன்றே ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஆல்பினையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வேலூர் திரும்பினார்கள். வழியில் ஆல்பினிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. சரவணன் ஓசூருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டான். ரீனா சைக்கிளைத் தொடுவதில்லை. கலைமகள் பெரணமல்லூரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். போலீசுக்குப் போகவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆல்பின் அதே வீட்டில், அதே வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும், சர்ச் முடிந்து வருகிற நேரத்துக்கு, அவளிடமிருந்து போன் வரும். எடுக்காமல் இருக்க அவனால் முடிவதில்லை. நலம் விசாரிப்பாள். பிறகு அண்ணன் எத்தனை மணி வரைக்கும் சொல்லியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். போன வாரம் சாயங்காலம் நாலரை வரைக்கும் வந்திருக்கிறது. மேலே யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டதாம், கத்தியிருக்கிறான், தொண்டை கட்டிப்போய்க் குரல் எழும்பவில்லையாம். அங்கே இன்னும் இருட்டவில்லை.