கீழே நேராகக் கடல்

செல்போன் அடித்தது.

அன்புசெல்வனுடையது அல்ல. அவன் மனைவி குணசுந்தரியுடையது. ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் 'பிரின்சி' என்று பெயர் வந்தது. குணசுந்தரியின் வாக்கிங் தோழி. தினமும் சாயங்காலம் மணவாள நகரை இரண்டு சுற்று சுற்றி வருவார்கள். பிரின்சியைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எடுத்தான். பேசவில்லை. மனைவியின் போனை எடுத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் நிற்பது அவனுக்குப் பதினைந்து வருடப் பழக்கம்!

"குணா... பால்கனி கேபின் கெடச்சிடுச்சு. ரெண்டு பேருக்கு. உன் ஊட்டுக்காரருக்கு மட்டும் இப்ப சொல்லாத. நாளைக்கு ஆபீசுக்கு வா, பேசிக்கலாம்."

ஆண் குரல்!

லைன் கட்டானது.

குணாவாம்! தாலி கட்டியவனே முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்!

குணசுந்தரி தலையில் துண்டோடு வெளியே வந்தாள்.

"போன் அடிச்சா மாதிரி இருந்துச்சு?"

"ராங் நம்பர்."

"நாளைக்கு நான் லேப் வேலைக்கு லேட்டாதாங்க போவேன். பிரின்சி கூட ஒரு சின்ன வேலை."

"போயிட்டு வா," என்றான். சிரிக்கவும் செய்தான். அதுதான் அவனிடம் ஆபத்தான விஷயம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் அன்புசெல்வன் சேஃப்டி ஆபீசர். அவன் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒருவன் ஏணியில் கால் வைக்க முடியாது. உலகத்தில் எல்லோரும் எந்த நேரமும் தவறி விழப் போகிறார்கள் என்பது அவன் எண்ணம். ஆலைக்கு அது நல்லது. பெண்டாட்டிக்கு அல்ல.

மறுநாள் லீவு போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவள் ஆட்டோவின் பின்னால் போனான்.

திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு டிராவல்ஸ். கண்ணாடிக் கதவுக்குள் உயரமாக ஒருத்தன். படிய வாரின தலை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். திரையில் வெள்ளைக் கப்பல்! குணசுந்தரி பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவன் தன் வீட்டில் கேட்டதே இல்லை.

அவள் போகும்வரை எதிரே டீக்கடையில் நின்றான். ஆறிப்போன டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே நுழைந்தான்.

"நான் குணசுந்தரி ஹஸ்பண்ட்."

அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஐயையோ... தெரிஞ்சிடுச்சா சார்? கல்யாண நாளுக்கு உங்களுக்குச் சர்ப்ரைஸ்னு வெச்சிருந்தா. சென்னை ஹார்பர்ல ஏறுனா மூணு நாள் கடல்தான். திரும்ப ஹார்பர்லயே எறக்கி உட்ருவாங்க. நான் தானியேல் சார். குணாவும் நானும் பத்தாவது வரைக்கும் ஒரே கிளாஸ்."

"ஓ..."

"நானும் அந்த ட்ரிப்ல வரேன். ஒரு குரூப்பக் கூட்டிக்கினு போறேன்."

போதும்! அன்புசெல்வனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. திரையில் இரண்டாவது பெயராகத் தன் பெயரே இருந்ததைக் கண்ணால் பார்த்தான். கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. புருஷனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பழைய கிளாஸ்மேட்டோடு கப்பல் சவாரியா? என்ன தைரியம்!

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தான்... குணசுந்தரி ஏறுவாள். இறங்க மாட்டாள்.

"கேபின்ல எத்தினி வகை இருக்குது?" என்றான் நிதானமாக.

"நாலு சார். உள் கேபின், ஜன்னலே கெடயாது. அடுத்தது வட்டக் கண்ணாடி வெச்சது, தொறக்க முடியாது. அதுக்கு மேல பால்கனி. பால்கனியிலயே நடுக்கப்பல் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. குணா நடுக்கப்பல்தான் கேட்டா. ஆட்டம் கம்மி. உங்களுக்கு பஸ்ஸுலயே வாந்தி வரும்னு சொன்னா."

என் வாந்தி வரைக்கும் இவனிடம் பேசியிருக்கிறாளா!

"கம்பி எவ்ளோ உயரம்?"

"கம்பியா சார்?"

"பால்கனி கைப்பிடி."

"மூணரை அடி இருக்கும். பதினோரு வருஷமா கேபின் புக் பண்றேன், யாரும் கேட்டதில்ல சார். நாஷ்டா ஃப்ரீயான்னுதான் கேப்பாங்க." தானியேல் ஒரு படிவத்தை நீட்டினான். "வேற இன்னா வேணுமோ, கீழ சிறப்புக் கோரிக்கைன்னு இருக்குது பாருங்க, அதுல எழுதிக் குடுத்துடுங்க."

மனதில் கொலையை வைத்திருக்கிற எவனும் அந்தப் பேப்பரைத் தொட்டிருக்க மாட்டான். ஆனால் அன்புசெல்வன் இருபது வருடமாக எழுதாமல் ஒரு வேலையும் செய்ததில்லை. ஆலையில் ஒரு பல்பு மாற்றுவதற்கே பெர்மிட் படிவம் உண்டு. வேலைக்குத் தேவையானதை வரிசையாக எழுத வேண்டும். இடத்துக்குப் பொறுப்பானவர் பார்த்து டிக் போட வேண்டும். டிக் விழுந்துவிட்டால் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நேராக வேலைதான்.

பேனாவை எடுத்தான். முத்து முத்தான கையெழுத்தில் எழுதினான்.

ஒன்று, கம்பி மூன்றரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது.

இரண்டு, பக்கத்து பால்கனிக்காரர் பார்வையில் படக் கூடாது.

மூன்று, கேமரா கூடாது.

நான்கு, கீழே நேராகக் கடல்.

பெயர், தேதி, நேரம், கையெழுத்து. ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு 'சரிபார்த்தவர்' என்று தலைப்பும் கொடுத்தான்!

"ஒவ்வொண்ணுக்கும் டிக் போட்டு சைன் பண்ணுங்க. எங்க கம்பெனி வழக்கம்."

தானியேல் படித்தான். மறுபடியும் படித்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தான்.

"அப்ப பின்பக்க பால்கனிதான் சார் உங்களுக்கு சரி," என்றான். "கடைசி கேபின். நீங்க கேட்ட மாதிரியே இருக்கும்."

நான்கு டிக் விழுந்தது.

ஒரு மாதம் கழித்து, கப்பல் கிளம்பிய அரை மணி நேரத்தில் அன்புசெல்வனும் விழுந்தான். கட்டிலில்!

தலை சுற்றல், குமட்டல். கண்ணைத் திறந்தால் கூரை நழுவியது. பால்கனிக் கதவுப் பக்கம் போகவே முடியவில்லை. குணசுந்தரி எலுமிச்சம்பழத்தைக் கீறி அவன் மூக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தானியேல்!

"இந்த மாத்திரையக் குடு குணா. ஒரு மணி நேரத்துல எழுந்து உக்காந்துடுவாரு."

"தேங்க்ஸ்டா."

டா! அன்புசெல்வன் போர்வைக்குள் பல்லைக் கடித்தான். மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டான். வேலை செய்ய உடம்பு வேண்டுமே!

மறுநாள் காலை ஆறரை மணி.

தலைச்சுற்றல் நின்றிருந்தது. பால்கனிக் கதவு திறந்திருந்தது. குணசுந்தரி கம்பியை ஒட்டி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். செல்போனை உயர்த்தி, சூரியனை விட்டுவிட்டுத் தன்னையே படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க... எழுந்துட்டீங்களா? வந்து பாருங்களேன். எவ்ளோ அழகா கீது."

"வரேன்."

செருப்பைப் போடாமல் நடந்தான். மனதுக்குள் பெர்மிட் ஓடியது. கம்பி, டிக். பக்கத்து பால்கனி, டிக். கேமரா, டிக். கீழே நேராகக் கடல்... டிக்.

ஆறு அடி. நான்கு அடி. இரண்டு அடி.

அவள் கழுத்தில் எண்ணெய் வாசனை. இந்தக் கழுத்துக்குத்தான் பதினைந்து வருடமாகக் காவல் இருந்தான். இந்த வாசனை இன்னொருத்தனுக்கா? மாட்டேன்!

இரண்டு கையையும் நீட்டினான்.

அந்த நொடியில் குணசுந்தரி கீழ்க்கம்பியில் ஏறினாள். எட்டிப் பார்த்தாள். உடம்பில் பாதி வெளியே போனது. ஒரு கால் அந்தரத்தில் எழுந்தது...

"ஏய், கம்பிய உடாத! கால கீழ வை!"

கத்தியது அன்புசெல்வன்தான்.

அவன் கைகள் அவள் இடுப்பை வளைத்தன. இழுத்தன. இரண்டு பேரும் பால்கனித் தரையில் மல்லாக்க விழுந்தார்கள்.

தள்ள வந்தவன் இழுத்துவிட்டான்! மூச்சு வாங்கியது. பிறகு அழுகை வந்தது. அவளை இழந்திருந்தால் செத்திருப்பான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாழாய்ப்போன பொறாமை, மனுஷனை எங்கே கொண்டு வந்து நிறுத்திவிட்டது!

"குணசுந்தரி... அடி கிடி பட்டுச்சா?"

அவள் எழுந்தாள். சுடிதாரைத் தட்டிவிட்டுக்கொண்டாள். செல்போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வீடியோ. சிரித்த முகமாக அவள். அவளுக்குப் பின்னால் அவன். நீண்டிருந்த இரண்டு கைகள்.

"இது இன்னா?"

"அது... நீ உழுந்துடுவியோன்னு..."

"நான் ஏறுறதுக்கு முன்னாடியே கை வந்துடுச்சு. ஏறினது அப்புறந்தான். வேணும்னுதான் ஏறினேன். தள்ளுறியா புடிக்கிறியான்னு பாக்க."

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவனை ஒருமையில் பேசினாள்.

"நீ எழுதிக் குடுத்த பேப்பர அன்னிக்கே தானியேல் காட்டிட்டான். படிச்சிட்டு ரெண்டு நாளு சோறு எறங்கல எனக்கு. போனை நோண்டுன, பொறுத்துக்கினேன். லேப் வாசல்ல நின்ன, பொறுத்துக்கினேன். அதான் வந்தேன். இன்னியோட முடிவு தெரிஞ்சிடணும்னு வந்தேன்."

"தள்ளலியே... புடிச்சிட்டேனே குணசுந்தரி. நானா தள்ளினேன்?"

"கைய நீட்டினது என் புருஷன். புடிச்சது சேஃப்டி ஆபீசரு. நான் குடும்பம் நடத்துனது மொத ஆளு கூட."

அன்புசெல்வன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"உயிரோட வெளயாடிட்டியே... நான் தள்ளியிருந்தா?"

"குனிஞ்சு பாரு."

பார்த்தான்.

கீழே கடல் இல்லை!

கப்பலின் பின்பக்கம் படிக்கட்டு மாதிரி கட்டியிருந்தது. ஒவ்வொரு மாடி பால்கனியும் மேல் மாடியை விட நீண்டு வெளியே வந்திருந்தது. எட்டடிக்குக் கீழே அகலமான பால்கனி. அதில் இரண்டு மெத்தை, ஐந்தாறு தலையணை. ஒரு மெத்தையின் நுனியைப் பிடித்தபடி தானியேல். மறு நுனியில் கட்டுமஸ்தான ஒரு பெண்மணி.

"வணக்கம் சார்," என்றாள் அவள் அண்ணாந்து. "நான் பிரின்சி. இவரு ஊட்டுக்காரி. அன்னிக்கு இவரு போன்ல சார்ஜ் இல்லன்னு என் போன்லேர்ந்து பேசினாரு. மகளிர் ஸ்டேஷன்ல ஹெட் கான்ஸ்டபிளா கீறேன். உங்க பேப்பரு என்கிட்டதான் பத்திரமா இருக்குது. கரைக்குப் போனதும் குணா குடுக்குற கம்ப்ளைண்ட்டோட சேத்துக்குவோம்."

ஒரு டிக். ஒரே ஒரு டிக்கை நம்பிக் குனிந்து பார்க்காமல் இருந்துவிட்டான். ஆலையில் வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பான்!

குணசுந்தரி பையை எடுத்தாள். துணிகளை அடைத்தாள். பால்கனித் தரையில் மறுபடி உட்கார்ந்துவிட்டவனை ஒரு தடவை பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"நான் கீழ பிரின்சி கூட இருந்துக்கறேன். ஊட்டுக்கு வர மாட்டேன், அம்மா ஊட்டுக்குத்தான் போறேன். நீ தனியா இருந்து எதுனா ஏடாகூடமா பண்ணிக்கக் கூடாதுன்னு பிரின்சி ஆள் போட்டிருக்குறா."

"யாரு?"

பதில் சொல்லாமல் போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

பத்து நிமிடத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தான். லுங்கியில் தானியேல். அக்குளில் தலையணை, தோளில் போர்வை.

எந்த ஆளை நினைத்து ஒரு மாதம் தூங்காமல் புரண்டானோ, அதே ஆள்! இன்னும் இரண்டு நாள். ஒரே அறை. ஒரே கட்டில்.

தானியேல் கட்டிலைப் பார்த்தான். திறந்திருந்த பால்கனிக் கதவைப் பார்த்தான். பிறகு அன்புசெல்வனை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க... பால்கனி பக்கம் நீங்களே படுத்துக்கோங்க."