வலது கால் பூட்ஸ்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஹெரிங்டன் கல்லூரியின் உடை மாற்றும் அறையில் தினுஷன் தன் வலது கால் பூட்ஸைத் தூக்கினான். அடிப்பாகம் வாய் பிளந்து தொங்கியது. இரவு மழையில் கூரை ஒழுகி, பூட்ஸ் ஊறிப் போயிருந்தது.

எல்லோரும் முதலில் மழையைத்தான் திட்டினார்கள். ரபீகா டீச்சர் வந்து விரலால் தடவிப் பார்த்த பிறகு பேச்சு நின்றது. தையலை யாரோ பிளேட்டால் நேராக அறுத்து, பசை தடவி மறைத்திருந்தார்கள். மழை பெய்யாவிட்டால் அது மைதானத்தில்தான் பிளந்திருக்கும்.

அன்று பிற்பகல் றகர் எனப்படும் ரக்பிப் பருவத்தின் கடைசி ஆட்டம். ஹெரிங்டன் இதுவரை ஒன்றிலும் தோற்கவில்லை. அதற்குப் பாதிக் காரணம், புசல்லாவையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தினுஷனின் இடது கால். கம்பங்களுக்கு மேலே பந்தை உதைத்துக் கோல் போடுவது அவன் வேலை. கண்டியில் றகரைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு; அந்தக் காலைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்.

அறையின் பூட்டு அப்படியே இருந்தது. சாவி இரண்டு. ஒன்று பயிற்சியாளர் இப்ஹாமிடம், மற்றது அலுவலகத்தில். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகச் சாவியை வாங்கியவன் தினேஸ். தினுஷன் வரும்வரை கோல் உதைத்தவன். இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். இதற்கு மேல் என்ன வேண்டும்? அணித்தலைவன் ரிஸ்கான் நேரே அதிபரிடம் போனான். ஆட்டத்துக்குப் பஸ் புறப்படுமுன் வேறு உண்மை தெரியாவிட்டால், தினேஸைக் கல்லூரியிலிருந்தே நீக்குவதாக அதிபர் சொல்லிவிட்டார்.

ரபீகா கணிதம் படிப்பிப்பவர். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் புள்ளி போடமாட்டார். தானே விசாரிக்க இறங்கி, முதலில் தினேஸைக் கூப்பிட்டார்.

"சாவி எதுக்கு வாங்கின மகன்?"

"பல்லுக்குப் போடுற மவுத்கார்ட் மறந்து போச்சு டீச்சர். எடுத்துட்டு உடனே திருப்பிக் குடுத்துட்டேன். அதோட அவங்க அலுவலகத்தையும் பூட்டிட்டாங்க."

"அறையில வேற யாரு?"

"யாருமில்ல. நான் வெளிய வர்றப்ப இப்ஹாம் சேர் ஸ்பானரோட உள்ள போனாரு."

"நீ பூட்ஸைத் தொட்டியா?"

"இல்ல டீச்சர்." அவன் வலது காலை முன்னே நீட்டினான். "நான் செஞ்சிருந்தா இத எதுக்குக் குடுக்கணும்?"

ரபீகா குனிந்து பார்த்தார். இடது காலில் பூட்ஸ், வலது காலில் ரப்பர் செருப்பு. அவனுக்கும் தினுஷனுக்கும் ஒரே அளவு. ஆட்கள் அவனை முறைக்கத் தொடங்குமுன்பே, தன் வலது பூட்ஸைக் கழற்றித் தினுஷனிடம் கொடுத்திருந்தான். இனி அவன் பெஞ்சிலிருந்தும் களமிறங்க முடியாது.

இப்ஹாம் உடை மாற்றும் அறையில் இருந்தார். ஒருகாலத்தில் இதே அணிக்குக் கோல் உதைத்தவர். சுவரில் தங்க எழுத்துப் பலகை. ஒரு பருவத்தில் அதிக புள்ளி எடுத்தவர் என்று இன்னும் அவர் பெயர்தான். இன்னொரு கோல் விழுந்தால் தினுஷன் முந்திவிடுவான். பெயரை மாற்றி எழுதத் திங்கட்கிழமை வரும்படி பெயின்டருக்குச் சொல்லியும் ஆயிற்று.

"தினேஸ் இல்ல டீச்சர்," என்றார் இப்ஹாம். "நம்மட புள்ளைகள் யாருமே இல்ல. தினுஷன் இடது காலால உதைக்கிறது அவனுகளுக்குத் தெரியாதா? கெடுக்கிறதெண்டா இடது பூட்ஸையில்லா வெட்டணும்? இது விசயம் தெரியாத வெளியாள்ட வேல."

"நேத்து ஸ்பானரோட வந்தீங்களாமே?"

"ஓ. மேச்சுக்கு முதல் ரெஃப்ரி ஸ்டட் பாப்பாருதானே. எல்லார்ட பூட்ஸ்லயும் அடிக் குமிழ் ஒவ்வொண்டையும் இறுக்கி முறுக்கின. எல்லாம் நல்லா ஈந்திச்சி. புறகு பூட்டிட்டுப் போன."

நல்ல மனிதர், பையனுக்காகப் பேசுகிறார் என்று ரபீகாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் விறாந்தை வரைக்கும்தான் நீடித்தது. அங்கே தினுஷன், தினேஸின் பூட்ஸுக்கு லேஸை மறுபடி மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"உதைக்கிற கால் பூட்ஸ் நல்லாத்தானே ஈக்கு மகன். ஏன் இவ்வளவு பயம்?"

"அப்பிடி இல்லீங்க டீச்சர். உதைக்கிறது இடது காலு இல்லடா, ஊன்றுற வலது காலுதான்னு இப்ஹாம் சேர் தெனமும் சொல்லுவாரு. அது சறுக்குனா பந்து எங்கயோ போயிருமாம்."

ரபீகா திரும்பி அதிபரின் அறைக்கு நடந்தார். மனம் கசந்தது.

வெளியே பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதிபரின் அறையில் தினேஸ், ரிஸ்கான், இப்ஹாம் மூவரும் நின்றார்கள்.

"வெட்டினது தினேஸ் இல்ல," என்றார் ரபீகா. "அவன் போன புறகுதான் இப்ஹாம் ஸ்பானர் போட்டாரு. தையல் அறுந்த பூட்ஸில குமிழை முறுக்கினா பசை அப்பவே விட்டிருக்கும். நல்லா ஈந்திச்சி எண்டு அவரே செல்றாரு. அப்ப அதுக்குப் புறகுதான் வெட்டு விழுந்திருக்கு. அந்நேரம் அலுவலகமும் பூட்டு. மிச்சம் இருந்தது ஒரு சாவி."

"நானெண்டா ஏன் டீச்சர் வலதை..." என்று தொடங்கினார் இப்ஹாம்.

"ஊன்றுற கால்தான் உதைக்குது எண்டு தினமும் படிப்பிச்ச நீங்க, இண்டைக்கு மட்டும் அது ஒண்டுமில்லாத கால் எண்டீங்க. தினேஸைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னீங்க. அதுலயே அகப்பட்டீங்க."

இப்ஹாம் கதிரையில் உட்கார்ந்தார். "இருபது வருசமா அந்தப் பலகையில நான் ஒருத்தன்தான். ஒரு கோல் தவறினாப் போதும் எண்டு நெனச்ச."

"அந்த ஒரு கோலோட புள்ளைட காலும் போயிருக்கும்," என்றார் ரபீகா.

இப்ஹாம் இல்லாமல் புறப்பட்ட பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியதும் ரிஸ்கான் எழுந்து போய், தினேஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கோல் உதைக்கும் வாய்ப்பு கிடைத்தது. தினுஷன் பந்தை நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் எல்லைக்கோட்டைப் பார்த்தான். வழக்கமாக இப்ஹாம் நிற்கும் இடம். அங்கே தினேஸ் நின்றான். செருப்புப் போட்ட வலது காலால் தரையை ஓங்கி மிதித்துக் காட்டினான்.

தினுஷன் தலையசைத்தான். தினேஸின் பூட்ஸை ஈர மண்ணில் அழுத்தி ஊன்றினான். அது சறுக்கவில்லை.